எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க

போனில் வருகிற நோட்டிஃபிகேஷன்களில் பத்துக்கு ஒன்பது யாருக்கும் தேவைப்படாதவை. பன்னிரண்டு வருடமாகப் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், நம்பலாம். எவனோ செருப்புக்குத் தள்ளுபடி கொடுக்கிறான். தொட்டுக்கூடப் பார்க்காத விளையாட்டு ஒன்று "உங்களைக் காணோமே" என்று ஏங்குகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போனில் பழுதே இருக்காது. "இது சும்மா சும்மா கத்துது, இதோட வாயை மூடுங்க" என்றுதான் வருவார்கள்.

அதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். செட்டிங்கைத் திறந்து ஒவ்வொரு ஆப்பின் பெயரையும் சத்தமாக வாசிப்பேன். "இது வேணுமா?" என்று கேட்பேன். வேண்டாம் என்றால்தான் அணைப்பேன். நேரம் பிடிக்கும்தான். ஆனால் நாளைக்கு யாரும் வந்து, பேங்க் மெசேஜ் வரவில்லை என்று சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு ஆப்பின் பெயரைத்தான் வாசிக்காமல் விட்டேன். நீங்கள் கேட்டு நான் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும் சார், அதனால் தாள் வாங்கி நானே எழுதுகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்பது நாள் முன்பு மனைவியைப் பறிகொடுத்தவர். எங்களுக்குள் அவருக்கு அலாரம் என்று பெயர். குடியிருப்புக் குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது மெசேஜ் போடுவார். மோட்டார் போட்டாச்சு, மோட்டார் நிறுத்தியாச்சு, லிஃப்டில் யாரோ பிஸ்கட் சிந்தியிருக்கிறார்கள். எல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியதுதான்.

என் மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். அப்போது பதினொரு குழந்தைகள். எட்டு மாதத்துக்கு முன்னால் காவலாளி மேஜையிலிருந்து அவள் ஒரு பார்சலை எடுத்துப்போனது கேமராவில் பதிவானது. அலாரம் அந்தப் பத்தொன்பது விநாடியை வெட்டிக் குழுவில் போட்டார். "நம்ம பார்சல் எப்படிக் காணாமப் போகுதுன்னு பாருங்க." அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மேஜையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நூற்று நாற்பத்தாறு பதில்கள், பாதி சிரிக்கிற முகங்கள். ஒரு குழந்தைதான் முதலில் எட்டிப் பார்த்தது. "மிஸ், நீங்க வீடியோல வர்றீங்க."

அந்தப் பார்சல் அலாரத்தின் மனைவிக்கு வந்தது. "நான் வர லேட்டாகும், எடுத்து வைம்மா" என்று அந்த அக்காவே சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அலாரம் மட்டும் வீடியோவை நீக்கவில்லை. ஒரே வாரத்தில் பதினொன்று இரண்டானது. நான் மேலே போய்க் கேட்டேன். பாதிக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"போட்டது போட்டதுதான் தம்பி. நாப்பது மெசேஜ் வந்தா அதுவா மேல போயிடும். பார்க்கப் பிடிக்கலைன்னா நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிக்கோங்க. போன் கடைக்காரருக்கு நான் சொல்லணுமா?"

சிரித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அக்கா சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி நடந்ததைச் சொல்லி, குழந்தைகளைத் திரும்பக் கூட்டிவந்தார். இரண்டு பதின்மூன்றானது. அவரும் என் மனைவியும் தினமும் காலையில் ஒன்றாக நடக்கப் போக ஆரம்பித்தார்கள். "நானே விட்டுட்டேன், நீங்க ஏன் இன்னும் புழுங்குறீங்க" என்பாள் என் மனைவி. அவளுக்குக் கோபப்படத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட வேண்டியிருந்தது.

போன மாதம் அலாரம் கடைக்கு வந்தார். குழுவில் அவர் நாற்பது போட்டால் பதிலுக்கு மற்றவர்கள் நானூறு போடுகிறார்களாம், தலை வெடிக்கிறதாம். போனை மேஜைமேல் வைத்தார்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க தம்பி."

நான் வழக்கம்போல வாசித்தேன். வேண்டாம், வேண்டாம் என்று தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசிக்கு முன்னால் ஒரு ஆப் இருந்தது. அக்காவுக்குச் சர்க்கரை நோய். கையில் ஒட்டியிருக்கும் சின்ன வில்லை சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும். ரொம்பக் குறைந்தால் கணவர் போன் கத்த வேண்டும். அதற்கான ஆப் அது. போனைச் சைலன்டில் போட்டாலும் கத்தும்படி அமைத்திருந்தார்கள். உள்ளே போய்த் தனியாகத்தான் அணைக்க முடியும். நிச்சயமாகவா என்று போனே ஒரு தடவை கேட்கும். கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். பிறகு அடுத்த ஆப்பின் பெயரைச் சத்தமாக வாசித்தேன்.

ஐந்து நாள் கழித்து அக்கா வந்தார், போனுக்குக் கண்ணாடி ஒட்ட. கையை மடித்து அந்த வில்லையைக் காட்டினார். "முன்னெல்லாம் தனியா இருக்கவே பயம் தம்பி. இப்ப எனக்கு மயக்கம் வர்றதுக்கு முந்தியே அவர் போன் கத்திடும்." ரொம்ப நல்ல விஷயம் அக்கா என்றேன். ஒரு குமிழி இல்லாமல் ஒட்டிக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒட்டுகிற வேலையில் பேசினால் கை பிசகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் சங்கத்தின் பொதுக்கூட்டம். என் மனைவி அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அக்காவுக்கு ஒரே வாந்தி. இன்சுலின் ஊசி போட்டுட்டாங்க, சாப்பிட்டது உள்ள நிக்கலையாம். அண்ணன் மீட்டிங் வேலையா காலையிலேர்ந்து கீழயே இருக்காரு. அவர்கிட்ட சொல்லி மேல அனுப்பிவைங்க, மறந்துடாதீங்க."

நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அலாரத்தின் சட்டைப் பையில் போன் சாதுவாக இருந்தது. மேலே அக்காவின் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்து கத்திக்கொண்டிருந்ததாம், கதவு சாத்தியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றே முக்காலுக்கு அலாரம் தாள்களை அடுக்கிக்கொண்டு, "வேற யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார். நான் கையைத் தூக்கினேன். வண்டி நிறுத்தும் இடத்தில் கோடு போடுவது பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். அந்தப் பேச்சைக் கிளறிவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது எங்கள் குடியிருப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் மேலே போனபோது ஐந்தே கால். அந்த ஆப் அவருக்கு இருபத்து மூன்று எச்சரிக்கை அனுப்பியிருந்ததாக உங்கள் ஸ்டேஷன் ஆட்களே சொன்னார்கள்.

ராத்திரி மனைவி கேட்டாள், அண்ணன்கிட்ட சொன்னீங்களா என்று. சொன்னேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். அவள் நம்பினாள்.

இதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் நேற்று அலாரம் குழுவில் எழுதியிருந்தார். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொன்னது நான்தான். கடைக்காரத் தம்பி மேல தப்பில்லை. என் அவசரம்தான் அவளைக் கொன்னுடுச்சு." கீழே இருநூறுக்கு மேல் பதில்கள். எல்லாம் கைகூப்பிய படங்கள், மனசைத் தேற்றிக்கோங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க சார். ஒரு சிரிக்கிற முகம்கூட இல்லை. அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் அதைத் தன் தவறு என்று நினைத்துக்கொண்டு ஊரின் ஆறுதலை வாங்கிக்கொண்டிருக்கிறார். அது தவறு இல்லை சார், தண்டனை. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அக்காமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. செய்தது முழுக்க என் மனைவிக்காக. ஒன்பது நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை, குழந்தைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அக்கா அக்கா என்று சுவரைப் பார்த்து அழுகிறாள். இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள் சார். அவளுக்காக நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தால் அழுகையை நிறுத்திவிடுவாள்.