குவாக் சொன்ன நல்ல வார்த்தை

மலைப்பூண்டு இலையைப் பறித்தால் கையை முகர்ந்து பார்க்க வேண்டும். பூண்டு மணந்தால் சரியான இலை. மணக்காவிட்டால் அதேபோல் இருக்கும் விஷ இலை, தூர எறிந்துவிட வேண்டும். என் மனைவி மிரே சொல்லிக்கொடுத்தது. அவள் மலைக்காரி. எங்கள் ஒன்ஜு நகரத்தில் ஏப்ரல் பிறந்தால், ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் பையும் கையுமாக மலையில்தான் இருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது இலை மாற்றிப் பறித்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஆகவே நீங்கள் இதை விபத்து என்று நினைத்ததில் தவறில்லை, இன்ஸ்பெக்டர் தாக் மேடம்.

குவாக் என் பழைய கம்பெனியில் டீம் லீடர். கொதிகலன் பாகங்கள் செய்யும் கம்பெனி. நான் தரச்சோதனைப் பிரிவு. போன இலையுதிர்காலத்தில் மிரே இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருந்தேன், எந்தப் பதிவிலும் ஏறாத கூடுதல் வேலையில். அதன்பிறகும் குளிர்காலம் வரை வேலைக்குப் போனேன். பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டு நின்றுவிட்டேன். குவாக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

அதற்கப்புறம் போன இடத்திலெல்லாம் நேர்காணல் நன்றாக நடந்தது. பிறகு பதிலே வராது. எங்கள் நாட்டில் ஆளை எடுக்கும் முன் பழைய டீம் லீடருக்கு ஒரு போன் போட்டு, ஆள் எப்படி என்று கேட்பது வழக்கம். குவாக் பழி தீர்க்கிறார் என்று புரிந்துகொண்டேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த மியோங்கை, ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து பேசுவதுபோல் அவரிடம் பேசச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டேன்.

"பியோவா? வேலைன்னு வந்தா அவன அடிச்சுக்க ஆளில்லைங்க" என்றார் குவாக். "எங்க மேலயே புகார் கொடுத்தான். கொடுத்தது நியாயந்தான். ஒண்ணே ஒண்ணு, பொண்டாட்டி செத்து ஒரு வருஷங்கூட ஆகல, பாவம். சில நேரம் ஜன்னலப் பாத்தபடியே நின்னுடுவான். நைட் ஷிப்ட் மட்டும் போட்டுடாதீங்க. போகப்போகச் சரியாயிடும். நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்."

மியோங் போனை வைத்துவிட்டுச் சிரித்தான். "நீங்க வேற அண்ணே. கூடப்பொறந்தவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான். நல்ல சரக்கா ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க."

பழி வாங்கியிருந்தால் விட்டிருப்பேன். புகாருக்குப் பழி, அது புரிகிறது. சரியாகிவிடும் என்று எதை வைத்துச் சொன்னார்? அவர் வீட்டுப் பேசும் குக்கர் 'சோறு தயார்' என்று குரல் கொடுத்தால் சாப்பிட இரண்டு பேர் வருவார்கள். என் வீட்டிலும் அது குரல் கொடுக்கும். நானும் இரண்டு கிண்ணம்தான் வைப்பேன்.

தரச்சோதனையில் முதல் பாடம் ஒன்று உண்டு. அளவு தப்பாக வந்தால் பொருளைக் குறை சொல்லாதே, கருவியைச் சரிசெய். குவாக் நல்ல மனிதர். என்னை அளக்கும் கருவி மட்டும் அவரிடம் சரியில்லை.

மலைக்குப் போனேன். பறித்து வந்ததைக் கழுவிச் சோயா சாற்றில் ஊறவைத்தேன். அப்போது மிரே தொட்டி ஓரத்தில் நின்றாள். எப்போதும்போல் ஒவ்வோர் இலையாக எடுத்து முகர்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜாடியோடு போனபோது கதவைத் திறந்தது குவாக்கின் மனைவி, ஓக்பின் அண்ணி. மிரேயின் சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நின்றபடியே சூப் ஊற்றிக் கொடுத்தவர்.

"என்ன தம்பி, இப்படி எலும்பா வந்து நிக்கிறீங்க? உள்ள வாங்க. இது நீங்களே ஊறவச்சதா? மிரே கைப்பக்குவமா?"

"ஆமா அண்ணி. அவ சொல்லிக்கொடுத்ததுதான்."

உள்ளேயிருந்து குவாக் கத்தினார். "இலையா? நான் என்ன முயலாப்பா? அடுத்த தடவ பன்னியப் பிடிச்சுட்டு வா."

கம்பெனி விருந்துகளிலும் இதையேதான் சொல்வார். நாங்கள் எல்லோரும் கறியை இலையில் மடித்துத் தின்போம். அவர் வெறும் கறியைத் தின்பார்.

"அது கெடக்கு விடுங்க" என்று அண்ணி சிரித்தார். "ஊட்டி விட்டாக்கூட அந்த மனுசன் தொடாது. எல்லாம் எனக்குத்தான்."

அடுத்த வாரம் அண்ணியின் சாவுக்கூடத்தில் குவாக் கறுப்பு உடையில் நின்றிருந்தார். நான் குனிந்து வணங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உன் மேல தப்பில்லப்பா. தெரியாம நடந்துபோச்சு. நீ இதையும் மனசுல போட்டுக்காத. எல்லாம் போகப்போகச் சரி…"

முடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே நின்றுவிட்டார். வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

நேற்று நீங்கள் சொன்னீர்கள், மேடம். "குவாக் உங்களப் பத்தி அவ்வளவு நல்லாச் சொல்றாரு. தெரியாமப் பறிச்சிட்டீங்கன்னு எழுதிக்கிறேன். ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

தப்பான அளவின் கீழே நான் கையெழுத்துப் போட்டதில்லை. தெரியாமல் பறிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கிள்ளியதும் கையை முகர்ந்தேன். பூண்டு மணந்ததையெல்லாம் தூர எறிந்தேன். அவர் இலையைத் தொட மாட்டார் என்பதும் தெரியும். அந்த ஜாடி அண்ணிக்குத்தான். அண்ணியின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

குவாக்கிடம் என்னைப் பற்றி இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். இனி அவர் எது சொன்னாலும் அளவு சரியாக இருக்கும்.

வீட்டில் இப்போதும் குக்கர் குரல் கொடுக்கிறது. இரண்டு கிண்ணம் வைக்கிறேன். நான் அந்த ஜாடியை மூடிய நாளிலிருந்து மிரேதான் வரவில்லை. அவளுக்கு மனம் ஆறியிருக்க வேண்டும்.