வாசல் விளக்கை அணைத்த இரவு

தலைமை வீற்றிருக்கும் நம் மாராங் மீனவர் குடியிருப்பின் தலைவர் அவர்களே! அலையோடு மல்லுக்கட்டித் தலை நரைத்த பெரியோர்களே! கடலுக்குப் போனவருக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் ரொக்கியாவின் சலாம்.

இரவு வானத்தைப் படமெடுக்கத் தொடங்குவது எப்படி என்று கேட்டீர்கள். முக்காலியில் கேமராவை நிறுத்துங்கள். லென்ஸை அகலத் திறவுங்கள். இருபது வினாடி எதுவும் அசையக்கூடாது. கொசு கடிக்குமா? கடிக்கட்டும்! அங்கே சிரிப்பவர்களே, என் முதல் நாற்பது படமும் கன்னங்கரேல்! ஏன்? லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை!

ஜொகூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச்சென்ற கேமரா அது. என் கணவர் டெராமான் கடலுக்குப் போய் மூன்றாண்டு. படகும் வரவில்லை, ஒரு பலகையும் வரவில்லை. உறக்கம் வராதவள் வேறு எங்கே பார்ப்பாள்? தனியாய் உண்டேன், தனியாய் விழித்தேன், தனியாய் வானம் பார்த்தேன்.

ஆற்று முகத்துவாரத்தில் குடியிருக்கும் மெக் சோம் என்னோடு கெரோப்போக் மீன் அப்பளம் பொரிக்க வருபவள். வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, ராத்திரியெல்லாம் கொசுவுக்கு விருந்தா?" என்றவள், படத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்தினாள். "எல்லாப் படத்துலயும் ஓரமா மஞ்சளா அப்பியிருக்கே! உன் வாசல் விளக்குதான்க்கா. அணைச்சிட்டு எடேன்."

அணைப்பதா? "வெளக்க அணைச்சிடாத ரொக்கியா, அதப் பாத்துத்தான் கரையேறுவேன்" என்று சொல்லிப் போனாரே! அந்த விளக்கையா? ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் அணைத்தேன். பத்து வினாடி தாங்கவில்லை, தாய்மார்களே! பதறிப்போய் மறுபடி போட்டுவிட்டேன். அவர் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால்?

மறுநாள் மெக் சோமிடம் சொல்லி அழுதேன். அவள் கேலி செய்யவில்லை.

"நீ அணைச்சிக்கக்கா. முகத்துவாரம் தாண்டாம எந்தப் படகும் உள்ள வராது. விடியிற வரைக்கும் என் வீட்டு விளக்கு எரியும். அண்ணன் வந்தா நானே கையப் புடிச்சிக் கூட்டிட்டு வரேன்."

அன்றிரவு விளக்கை அணைத்து எடுத்த படம்தான் இந்தச் சுவரில் மாட்டியிருப்பது. எத்தனை நட்சத்திரம், எத்தனை நட்சத்திரம்! மூன்றாண்டாய் என் தலைக்கு மேலேதான் இருந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து "நல்லாருக்கா?" என்று கேட்க அருகில் ஆளில்லை. அதுதான் வலிக்கிறது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இனி நான் இருட்டு வீட்டுக்குத்தான் போகவேண்டும். முகத்துவாரத்தில் அந்த விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன். அனைவருக்கும் சலாம்.