ஏழு நாள் உள்ளே

குமாஸ்தா: மறுபடியும் சொல்றேன் சார். அபராதம் கட்டறது பக்கத்து ஜன்னல். இது ஜெயிலுக்குப் போறவங்களுக்கு.

லிஃப்ட்காரர்: தெரியும் மேடம். எழுதுங்க.

குமாஸ்தா: நோ பார்க்கிங்ல வண்டி நிறுத்தினதுக்கு யாராவது உள்ள போவாங்களா?

லிஃப்ட்காரர்: ஒரு தடவையா நிறுத்தினேன்... பதினாலு தடவை.

குமாஸ்தா: அப்படி என்ன வேலை உங்களுக்கு?

லிஃப்ட்காரர்: லிஃப்ட் ரிப்பேர். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல ஒருத்தர் மாட்டிக்கிட்டுக் கத்தறப்ப, நான் நிழல் பாத்து வண்டியை நிறுத்திட்டு இருக்க முடியுமா?

குமாஸ்தா: இதை ஜட்ஜ்கிட்ட சொல்லியிருந்தா பாதியாவது குறைச்சிருப்பாரே.

லிஃப்ட்காரர்: அதான் சொல்லல.

குமாஸ்தா: ...என்ன சொன்னீங்க?

லிஃப்ட்காரர்: ஒண்ணுமில்ல. ஏழு நாள்தானே? குறையாதே?

குமாஸ்தா: எல்லாரும் கூடிடுமோன்னு பயப்படுவாங்க. நீங்க குறைஞ்சிடுமோன்னு பயப்படறீங்க. கையில பணம் இல்லையா? தவணையில கூட...

லிஃப்ட்காரர்: இருக்கு. சட்டைப் பையிலயே இருக்கு.

குமாஸ்தா: அப்போ கட்டிட்டு வீடு போய்ச் சேருங்களேன். உள்ள ரூம் இத்தனூண்டு இருக்கும்.

லிஃப்ட்காரர்: லிஃப்டை விடப் பெருசுதானே.

பின்னால் நிற்பவர்: அம்மா, அவரே போறேங்கறாரு. விடுங்களேன், காலு கடுக்குது.

குமாஸ்தா: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. சார், வீட்டுல யாரு இருக்கா?

லிஃப்ட்காரர்: சம்சாரம்.

குமாஸ்தா: அவங்களுக்குத் தெரியுமா இது?

லிஃப்ட்காரர்: வெளியூர் வேலைன்னு சொல்லியிருக்கேன். காதுல விழுந்துதோ என்னவோ... படுத்த படுக்கையா இருக்கா. ஆஸ்பத்திரியில, இனிமே வீட்டுலயே வச்சுக்கங்கன்னுட்டாங்க.

குமாஸ்தா: ஐயோ... அப்படி இருக்கறவங்களை விட்டுட்டா வந்தீங்க?

லிஃப்ட்காரர்: மாடி வீட்டு அக்கா கூட இருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் பாத்துக்குவாங்க.

குமாஸ்தா: அதுக்கப்புறம்?

லிஃப்ட்காரர்: அந்தப் பாரத்துல கீழ ஒரு கட்டம் காலியா இருக்கே... அதை நிரப்பலையா?

குமாஸ்தா: பேச்சை மாத்தாதீங்க. எது... தகவல் சொல்ல வேண்டிய உறவினரா? யாரை எழுத?

லிஃப்ட்காரர்: மகளை. நம்பர் மனப்பாடம், சொல்றேன். நீங்கதானே பேசுவீங்க?

குமாஸ்தா: நீங்களே சொல்லிடுங்க. இதோ, ஆபீஸ் போன்...

லிஃப்ட்காரர்: என் குரலைக் கேட்டா வச்சிடுவா. கோர்ட்டுலேருந்துன்னு முதல் வார்த்தையிலயே சொல்லிடுங்க மேடம்.

குமாஸ்தா: ...ஹலோ, கோர்ட் ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க அப்பா விஷயமா... வச்சிடாதீங்கம்மா, கேளுங்க. அபராதம் கட்டாம ஏழு நாள் ஜெயிலுக்குப் போறார்... ஆமா, இன்னிக்கேதான்... விளையாட்டு இல்லம்மா, முத்திரை போட்ட காகிதம் என் கையில இருக்கு... ஒரு நிமிஷம். சார், நீங்க நிஜமாவே வீட்டுல இருக்க மாட்டீங்களான்னு கேக்கறாங்க.

லிஃப்ட்காரர்: இருக்க மாட்டேன்னு சொல்லுங்க.

குமாஸ்தா: இருக்க மாட்டாரும்மா... ஏழு நாளும்தான்... சரி. சரிம்மா. ...வச்சிட்டாங்க. அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பறாங்களாம்.

லிஃப்ட்காரர்: ...கிளம்பறாளா.

குமாஸ்தா: உக்காருங்க சார். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. இப்பவாவது சொல்லுங்க, என்ன இது?

லிஃப்ட்காரர்: அவ கட்டிக்கிட்ட பையனை வாசல்லயே நிக்க வச்சு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நாலு வருஷம் ஆச்சு. நீங்க இருக்கற வீட்டுல கால் வைக்க மாட்டேன்னுட்டுப் போனவதான்.

குமாஸ்தா: அம்மாவுக்கு முடியலைன்னு தெரிஞ்சுமா?

லிஃப்ட்காரர்: வரணும்னுதான் துடிக்கறா. போன மாசம் நான் ஊர்ல இல்லைன்னு மாடி வீட்டு அக்காவை விட்டுப் பொய் சொல்லச் சொல்லி வரவழைச்சேன். எனக்கும் அவளைப் பாக்கணும்போல இருந்துது... உள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். படி வரைக்கும் வந்தா. என் செருப்பு கிடந்துது. அதைப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டா. இனி நான் எங்க போறேன்னு சொன்னாலும் நம்புவாளா, சொல்லுங்க?

குமாஸ்தா: ஏழு நாளுக்குள்ள அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா... நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்களே சார்.

லிஃப்ட்காரர்: ராத்திரி பகலா நான்தான் மேடம் பக்கத்துல இருக்கேன். அவ கண்ணைத் திறக்கறப்பல்லாம் கேக்கறது என்னை இல்ல.