சம்பந்தியை விசாரிக்கப் போன நாள்

இல்லையக்கா, சுத்திப் பாக்கப் போறன் எண்டு சொல்லித்தான் வேலையிடத்திலை ஃபேரியன், லீவு எடுத்தனான். உங்களுக்கென்னத்துக்கு ஒளிப்பான், சுலோஜனாக்கா? என்ரை மகள் ஹரிஷா விரும்பியிருக்கிற பெடியன்ரை ஊர் அது. மாரெக் எண்டு பேர். ஓம், ஸ்லோவாக்கியா. வெள்ளைக்காரன் எண்டாப்போலை தேப்பன் நான் விசாரிக்காமல் பிள்ளையைக் குடுக்கேலுமோ? உங்கட மூத்தவளுக்குப் பாக்கேக்கை இஞ்சை சுவிஸிலை வின்டர்தூர் முழுக்க விசாரிச்சனீங்கள்தானே.

நீங்கள் வெண்டிக்காயை நிறுங்கோ, நான் சொல்லுறன்.

பான்ஸ்கா ஸ்டியாவ்னிட்சா. பஸ்ஸிலை சொல்லிச் சொல்லித்தான் எனக்கே வாயிலை வந்தது. வெள்ளி கிண்டின பழைய ஊர், மலையிலை வீடுகளைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். அங்கை ஒரு கோபுரம். முந்திப் பலகையிலை தட்டிச் சுரங்க வேலையாக்களை எழுப்புறதாம். இப்ப உள்ளுக்கை தேத்தண்ணிக் கடை. நான் இரவு வேலை முடிச்ச கையோடை வெளிக்கிட்ட ஆள், அதுக்குள்ளை இருந்து நல்ல நித்திரை. கடைக்காரப் பிள்ளை மேசையிலை தட்டித்தான் எழுப்பினது.

எழும்பினதும் விசாரணையைத் தொடங்கினன். டெலிபோனுக்குத் தமிழிலை சொன்னால் அது அவையின்ரை பாஷையிலை சொல்லும். இந்தக் குடும்பம் எப்பிடி, தேப்பன் குடிக்கிறவரோ எண்டு மெல்லமாத்தான் கேட்டனான். அது கடை முழுக்கக் கேக்கக் கத்தீட்டுது. மூலையிலை இருந்த கிழவர் ஒராள் கையை உயத்தினார். தானும் ஒரு தேப்பனாம், தானும் குடிப்பாராம்.

மாரெக்கின்ரை தேப்பனுக்கு அங்கை சுரங்கம் காட்டுற வேலை. ரிக்கற் எடுத்தால் ஒண்டரை மணித்தியாலம் ஆளைப் பக்கத்திலை நிண்டு அளக்கலாமெல்லோ? எனக்கும் ஒரு ஹெல்மெட், முழங்கால் மட்டும் ஒரு கோட்டு, கையிலை ஒரு லைற். பள்ளிக்கூடப் பிள்ளையள் முப்பது பேரோடை இறங்கினன். அதுகள் கல்லைப் பாக்குதுகள், நான் சம்பந்தியின்ரை முகத்தைப் பாக்கிறன்.

எல்லாரிட்டையும் லைற் இருக்கு, என்ரை ஏன் சும்மா எரியவேணுமெண்டு நிப்பாட்டிப்போட்டன். சிரியாதேங்கோ அக்கா, பழக்கதோஷம். ஒரு வளைவிலை சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சு நிமிந்தால் ஒருத்தரையும் காணேல்லை. இருட்டு எண்டால் அப்பிடி ஒரு இருட்டு. லைற்றின்ரை சுவிச்சும் கைக்கு அகப்படுதில்லை. முருகா எண்டு நிண்டன்.

அந்த மனிசன் தலையை எண்ணிப்போட்டு, ஒண்டு குறையுதெண்டு திரும்பி வந்திட்டுது. வந்து ஏசினார் பாருங்கோ, ஒரு சொல் விளங்கேல்லை, ஆனால் சொந்தக்காரர் ஏசுற மாதிரியே இருந்தது. ஏசி முடிச்சுக் கையைப் பிடிச்சவர், வெளிச்சத்துக்கு வருமட்டும் விடேல்லை. என்னை, ஐம்பத்திநாலு வயசு மனிசனை, அவ்வளவு பிள்ளையளுக்கும் முன்னாலை, கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறார்.

சொல்லேல்லை, நான் ஆரெண்டு சொல்லேல்லை. எண்ணித் திரும்பி வந்து கையைப் பிடிச்சாரே, எனக்கு அது காணும். அந்த வீட்டுக்கு என்ரை பிள்ளை போகலாம்.

ஹரிஷாவோ? அவளுக்கு ஒண்டும் தெரியாதக்கா. நான் போனது மட்டுமில்லை, அப்பிடி ஒரு பெடியன் இருக்கிறது எனக்குத் தெரியுமெண்டே அவளுக்குத் தெரியாது. ஒருநாள் விடிய ஓல்டன் ஸ்டேஷனிலை ரெண்டு பேரையும் கண்டனான். என்னைக் கண்டதும் அவனை ஆரெண்டே தெரியாத மாதிரித் தள்ளி நிண்டாள். அவன்ரை வேலைச் சட்டையிலை பேர் இருந்தது, மிச்சத்தை இன்ஸ்டகிராமிலை தேடி எடுத்தன். என்ரை மனிசி இந்திரா உயிரோடை இருந்திருந்தால் தாயிட்டைச் சொல்லியிருப்பாள். என்னிலை பயம்போலை.

அதுதானக்கா, உங்கட மகள் தர்மிகா ஹரிஷாவோடை கதைக்கிறவள்தானே. அப்பா ஏசமாட்டார், பயப்பிடாமல் போய்ச் சொல்லு எண்டு ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ. நான் கேட்டதெண்டு சொல்லவேண்டாம். அவள் வந்து சொல்லேக்கை நான் இப்பத்தான் கேள்விப்படுற மாதிரி இருப்பன். ஸ்லோவாக்கியாவோ, அது எங்கை பிள்ளை இருக்கு எண்டு கேப்பன்.