சாய்வெழுத்தும் மாயவன் பெயரும்

இந்த அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அண்ணன் கோகுலகிருஷ்ணன் அவர்களே, அச்சுமையின் மணத்திலேயே தலை நரைத்த பெரியோர்களே, பிளக்ஸ் இயந்திர இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கும் தொழில் தோழர்களே, வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரம்பலூரிலிருந்து பஸ் மாறி அரியலூர் வந்து சேர்ந்த சொந்தங்களே! வரதராசன்பேட்டை அமல்தாஸ் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

"சாய்வெழுத்தின் அழகு" என்று பேசச் சொன்னார்கள். அழகுதான், யார் இல்லையென்றது? தடிக்க வேண்டிய இடத்தில் தடித்து, மெலிய வேண்டிய இடத்தில் மயிரிழையாய் மெலிந்து, முனைக்கு முனை சின்னக் கொக்கி வைத்து, காற்றுக்குத் தலைசாய்த்த நெற்கதிராய் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும் எழுத்து! கல்யாணப் பத்திரிகையில் வைத்தால் கல்யாணக் களை. நகைக்கடைப் பையில் வைத்தால் அந்தப் பைக்கே ஒரு நகை. கையில் பிடித்து, கண்ணருகே வைத்துப் படிப்பவருக்காகப் பிறந்த எழுத்து அது. கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கடைசியிலும் தட்ட மனம் வருகிறதா பார்ப்போம்.

சென்ற ஆண்டு ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் மேலாளர் என் கடைக்கு வந்தார். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை என் கைவேலை. "இதே எழுத்துலயே நம்ம போர்டு எல்லாத்தையும் போட்டுடுங்க அமல், பாக்க ரிச்சா இருக்கணும்" என்றார். நான் என்ன செய்தேன்? நாம் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஓகே வாங்கி, அச்சடித்துக் கொடுத்தேன். சாலையில் நாற்பதடி தள்ளி நின்று பார்த்தேனா? நீங்கள் பார்ப்பீர்களா? நம்மில் எவர் பார்க்கிறோம்?

அந்தப் பலகைகளில் ஒன்று, ஊர்ச்சனம் போய்வந்த வண்டிப்பாதையைச் சுரங்கம் வெட்டித் தின்ற இடத்தில் நின்றது. "பாதை இங்கே முடிகிறது. எண்பதடிப் பள்ளம்." பத்தே நாளில் சுண்ணாம்புத் தூசி படிந்தது. மெல்லிய கோடுகள் மறைந்தன. தடித்த கோடுகள் மட்டும் வேலிக்குச்சி போல நின்றன.

தா.பழூர்க்காரர் மாயவன், தங்கை வீட்டுக்குப் புதுநெல்லரிசி எடுத்துக்கொண்டு மொபெட்டில் அந்த வழியே வந்தார். மாலை நான்கு மணி. நல்ல வெளிச்சம். ஆனால் வளைவு திரும்பினால்தான் பள்ளம் கண்ணில் படும். பாதை தெரிந்தவர், பாதை போய்விட்டது தெரியாதவர். பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார்.

"எச்சரிக்கைப் பலகை இருந்தும் படிக்கத் தவறினார். அவரது கவனக்குறைவே காரணம்." இப்படி எழுதிக் கொடுத்தது கம்பெனி. இப்படியே அரசாங்கக் கோப்பிலும் ஏறிவிட்டது.

கருமாதிக்குப் பிளக்ஸ் சொல்ல என் கடைக்கே வந்தார் அவர் மனைவி வெற்றிச்செல்வி. அந்தப் பலகை என் வேலை என்று அப்போது அவருக்குத் தெரியாது. "அவரு பத்தாவது பாஸுங்க. பஸ்ஸு தூரத்துல வரயிலயே போர்டப் படிச்சுச் சொல்லிடுவாரு. கவனமில்லாம செத்தாருன்னு எம் புள்ளைவ காலம்பூரா கேக்கணுமா?" என்றார். எழுந்து போகும்போது, "பின்னாடி நிக்கிறவங்களுக்கும் தெரியற எழுத்தாப் போடுங்க" என்றார். ஆர்டர் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

நாளை கோட்டாட்சியர் விசாரணை. போகாதே என்றார்கள். சுரங்கத்து வேலை நம் கடைகளுக்கு நின்றுபோகும் என்றார்கள். தலைவர் அண்ணன் தலைகுனிகிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதம் நானும் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தேன்? சோறு இறங்கியதா? இறங்கியது. தூக்கம் வந்ததா? வந்தது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் துணியைப் பாருங்கள். மேலே சங்கத்தின் பெயர். அதற்குக் கீழே சாய்வாய் ஓடுவது என்ன? அங்கே ஒரு அம்மா சொல்கிறார்கள், பூ வேலைப்பாடு என்று நினைத்தார்களாம். இல்லை தாயே. அதே பலகையின் வாசகம், அதே அளவு, அதே எழுத்து, அதே தூசி நிறம். "பாதை இங்கே முடிகிறது. எண்பதடிப் பள்ளம்."

முந்நூறு பேர் இருக்கிறோம். எழுத்தையே தொழிலாய், எழுத்தையே சோறாய்க் கொண்ட முந்நூறு பேர்! அசையாத நாற்காலியில், ஒன்றரை மணி நேரம், எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஓடுகிற வண்டியில் மாயவனுக்குக் கிடைத்தது நான்கே விநாடி. அவரா கவனமில்லாதவர்? அவரா படிக்கத் தவறியவர்?

நாளை காலை பத்து மணிக்கு இந்தத் துணியைத் தோளில் சுமந்துபோய்க் கோட்டாட்சியர் முன் விரிக்கப் போகிறேன். மாயவன் தவறவில்லை, எழுத்து வைத்த நான்தான் தவறினேன் என்று சொல்லப் போகிறேன். எங்களாலும் படிக்க முடியவில்லை என்று சொல்ல யார் வருகிறீர்கள்? கை தட்ட வேண்டாம். கையைத் தூக்குங்கள்.

ஒன்பது, பத்து, பதினொன்று. முந்நூறு பேரில் பதினோரு கை. போதும் என்று சொல்லமாட்டேன், வலிக்கிறது. ஆனால் பதினோரு பேரோடு போவேன்.

தூக்கிய கைகளுக்கு நன்றி. தூக்காத கைகளுக்கும், இவ்வளவு நேரம் கேட்டதற்காக நன்றி. நான் அழைத்ததால் வந்து முன்வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கும் வெற்றிச்செல்வி அம்மா, அந்தப் பலகையை அடித்தவன் நான்தான். உங்களுக்கு என் வணக்கம்.