திருப்பி வாங்கின காசு

அந்த ஃபேனைச் சித்தக் கொறைச்சு வெச்சுக்கலாமுங்களா மேடம்? எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை. பட்டறையில லேத் ஓடறப்பக்கூட பசங்களைக் கைச்சாடையிலதான் கூப்புடுவேன்.

நீங்க அந்தப் பேங்குக் கணக்குக் காயிதத்துல பேனாவால வட்டம் போட்டு வெச்சிருக்கறது இங்கிருந்தே தெரியுதுங்க. டிசம்பர் மாசம், செவ்வாக்கெழமை, பகல் பதினொண்ணரை மணி, அஞ்சாயிரம் ரூபா. அந்நேரத்துக்கு என்ற புள்ள மௌனிகா ப்ளஸ் டூ அரையாண்டுப் பரீட்சை எழுதிட்டு இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல கேட்டா அவங்களே சொல்லிருவாங்க. அதனால நானே சொல்லிப்போடறேன். அந்தப் பணத்தைப் போட்டது புள்ள இல்லீங்க, நாந்தான். அது ஒண்ணு மட்டுமில்லை, அத்தனையும் நாந்தான்.

ஆனா எதனாலன்னு நீங்க கேக்கோணும். குழந்தைகள் நலக்குழுவுல இருக்கறவங்க, ரெண்டு பக்கமும் கேக்கறதுதானுங்களே மொறை.

சாய்ப்ரியான்னு ஒரு புள்ள. சரவணம்பட்டியில ரூம் எடுத்துத் தங்கிட்டு, தெனம் சாயந்தரம் போன்ல ஒரு ஆப்புல லைவ்ல வரும். சில நாள் பகல்லயும் வரும். கேம் வெளையாடிட்டே பேசும். நாம காசு போட்டா நம்ம பேரைப் படிக்கும். மொதத் தடவை நூறு ரூபா போட்டேன். "வாங்க ரவிக்குமாரண்ணா, சாப்பாடு ஆச்சுங்களா?"ன்னு கேட்டுச்சு. மேடம், நான் கணபதியில இருவத்திரெண்டு வருசமாப் பட்டறை நடத்தறேன். பம்புக் கம்பெனியில நேத்துச் சேந்த பையன், "என்னய்யா, சரக்கு ரெடியா?"ம்பான். ஊட்டுல என்ற சம்சாரம் வெங்கடலட்சுமி டிபன் பாக்ஸைக் கையில குடுக்கறதோட சரி. நம்மூர்ல ஒருத்தனை 'ங்க' போட்டுப் பேசலைன்னா அவனை ஆளாவே மதிக்கலைன்னு அர்த்தம். நீங்களும் இந்தப் பக்கந்தான், உங்களுக்கு நான் சொல்லோணுங்களா.

எட்டு மாசம் போட்டேன். புள்ளையைக் காலேஜ்ல சேத்தறதுக்குன்னு வெச்சிருந்த ஒண்ணே முக்கா லட்சம் அதுல போச்சு. எனக்கு அப்ப அது பெருசாத் தெரியலை. மரியாதைக்கு வெலை உண்டில்லீங்களா.

டிசம்பர் கடைசியில ஒரு ஞாயித்துக்கெழமை, அவகூட வெளையாடற பையன் ஒருத்தன் அவளைக் கண்டமேனிக்குக் கிண்டல் பண்ணிட்டே இருந்தான். எனக்குப் பொறுக்கலை. "அவனை அனுப்பிப்போடு கண்ணு, அதுதான் உனக்கு மரியாதை"ன்னு எழுதினேன். சும்மா எழுதலை, ரெண்டாயிரம் போட்டுத்தான் எழுதினேன். அவ அதைப் படிச்சுட்டுச் சிரிச்சா. "யார்றா நீ? காசு போட்டா எனக்கு அப்பனாயிருவியா?"ன்னு கேட்டா. அறுநூறு பேரு பாத்துட்டு இருந்தாங்க. அத்தனை பேரும் சிரிக்கிற பொம்மையை வரிசையாப் போட்டானுங்க.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திகிட்டு எரிஞ்சுது. இப்பச் சொல்றப்பவும் எரியுது. வாங்கறப்ப அண்ணா, வாங்கி முடிச்சா டா. ஆனா நான் போனைத் தூக்கி அடிக்கலை, கெட்ட வார்த்தை ஒண்ணும் எழுதலை. குடுத்ததைத் திருப்பிக் குடுன்னு மட்டும் எழுதினேன்.

விருப்பப்பட்டுக் குடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியாது அங்கிள்னு பதில் போட்டா. அந்த ஆப் கம்பெனிக்கு எழுதினேன். நன்கொடைக்கு ரீஃபண்டு கெடையாதுன்னான். பேங்குல போய் நின்னேன். "பின் நம்பரை நீங்களேதான் அடிச்சிருக்கீங்க சார், யாரும் ஏமாத்தலையே"ன்னு கவுண்டர்ல இருந்த அம்மா சொன்னாங்க. ஏமாத்தலையாமா. அழுகின தக்காளியைக் குடுத்தா கடைக்காரன் மாத்தித் தரோணும், அழுகின மரியாதையைக் குடுத்தா மட்டும் வாயை மூடிட்டு வந்துரோணும். எந்த ஊரு நாயமுங்க இது?

அப்பறம் உக்காந்து கம்பெனியோட விதிமுறையைக் கடைசி வரைக்கும் படிச்சேன். கீழ ஒரு வரி இருந்துச்சு. பதினெட்டு வயசு ஆகாதவங்க பெத்தவங்களுக்குத் தெரியாமப் பணம் போட்டிருந்தா, விசாரிச்சுத் திருப்பித் தருவாங்களாமா. என்ற புள்ளைக்குப் பதினேழு. பொய் சொல்லோணும்னு நான் தேடிப் போகலீங்க. வழியை அவங்களே தெறந்து வெச்சிருந்தாங்க. பணம் போட்டவங்க பேர் எழுதற எடத்துல மௌனிகான்னு எழுதினேன்.

அதோட முடிஞ்சுருமுன்னுதான் நெனச்சேன். ஆனா தாயார் நம்பர் கேட்ட எடத்துல எழுதியிருந்தேனுங்களா, விசாரிக்கறதுக்கு வெங்கடலட்சுமிக்கே கூப்புட்டுப்போட்டாங்க. "ஏனுங்க, நம்ம மௌனிகாவா இப்படிப் பண்ணுச்சு?"ன்னு அது ஓடியாந்து கேக்கறப்ப நான் தோசை தின்னுட்டு இருந்தேன். வாயில தோசை இருந்துச்சு. தலையை ஆட்டினேன். நான் பண்ணது அவ்வளவுதான், தலையை ஆட்டினேன். புள்ள, "நானில்லீங்கம்மா"ங்கறதுக்குள்ள ரெண்டு அறை விழுந்துருச்சு. நாள் பூராவும் அழுதுச்சு. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள்ல உண்மையைச் சொல்லிப்போடலாமுன்னு முடிவே பண்ணிட்டேன், சாமி சத்தியமா.

மறுநாள் காத்தால நான் குளிக்கப் போனப்ப புள்ள என்ற போனை எடுத்துப் பாத்திருக்குது. சாயந்தரம் யூனிபார்மோட நேராப் பட்டறைக்கே வந்துருச்சு. நாலு பசங்க வேலை செஞ்சுட்டு இருந்தாங்க. "நீதான் போட்டிருக்கே. நீயே அம்மாகிட்டச் சொல்லு"ன்னுச்சு. நீ. பொறந்ததுல இருந்து வாங்கப்பா, போங்கப்பான்னே பேசுன புள்ள. பசங்க மிசினை நிறுத்திட்டு என்ற மூஞ்சியவே பாத்தானுங்க. 'ங்க' போட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே ஊட்டுக்குப் போய் ஒத்துக்கிட்டிருப்பேன். ஒரே ஒரு சொல்லுதானுங்க மேடம். அதைச் சொன்னா அதுக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்?

அங்கயே நின்னு போன்ல இருந்ததை எல்லாம் அழிச்சுப்போட்டேன். பொறவு அது சொன்னதை அவங்கம்மா நம்பலை. பெத்த அப்பன் மேலயே பழி போடறியான்னு மறுபடியும் அடிச்சுது.

கம்பெனிக்காரன் இன்னொரு மெயில் போட்டான். புள்ளைக்கு இந்தப் பழக்கம் இருக்குதுன்னு கவுன்சிலர்கிட்ட லெட்டர் வேணுமாமா. போன் பழக்கத்தை நிறுத்தறதுக்குன்னு தாராபுரம் ரோட்டுல ஒரு ஹோம் இருந்துச்சு. நீங்க போன வாரம் பூட்டுப் போட்டீங்களே, அதேதான். சேத்தினாத்தான் லெட்டர்னாங்க. பிப்ரவரி மொத வாரம் சேத்திட்டேன். புள்ள பொஸ்தகப் பையைக் கட்டிப் புடிச்சுட்டு வண்டியில ஏற மாட்டேன்னு நின்னுச்சு. ரெண்டு பொம்பளைங்க வந்து புடிச்சு ஏத்துனாங்க. பப்ளிக் பரீட்சைக்கு முந்தி வந்துரும்னு வெங்கடலட்சுமிகிட்டச் சொன்னேன்.

அந்த ஹோம்ல ஒரு விதி உண்டுங்க. பண்ணுன தப்பை ஒத்துக்கிட்டாத்தான் கொணமாச்சுன்னு அர்த்தம். நான் பண்ணலைன்னு சொன்னா அதுதான் நோவோட அடையாளமாமா. இந்தப் புள்ள நானில்லை, நானில்லைன்னே சொல்லிட்டு இருந்துச்சு, அவங்க மாசத்தைக் கூட்டிட்டே போனாங்க. இருட்டு ரூம்ல தனியா வெச்சாங்க, ராத்திரி பூரா நிக்க வெச்சு எழுத வெச்சாங்கன்னு நீங்க இப்ப எனக்குப் படிச்சுக் காட்டறீங்க. எனக்கு அப்பவே தெரியுமுங்க. வார்டன் அம்மா ஒவ்வொண்ணையும் போன்ல சொல்லி, செய்யட்டுங்களான்னு கேட்டுட்டுத்தான் செஞ்சாங்க. நல்ல மரியாதையான பொம்பளை. இன்னும் வெச்சுக்கட்டும்னு மார்ச்சுல ஒரு கையெழுத்து, ஏப்ரல்ல ஒரு கையெழுத்து போட்டேன். பரீட்சை போயிருச்சு.

ஏப்ரல் கடைசியில பணம் முழுசா வந்து சேந்துச்சு. தன்ற கணக்குல இருந்து புடிச்சுக்கிட்டாங்கன்னு சாய்ப்ரியா அழுது ஒரு வீடியோ போட்டா. நாலு தடவை பாத்தேன். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்.

பணந்தான் வந்துருச்சே, அப்பறம் மே மாசம் மூணாவது கையெழுத்து எதுக்குன்னு நீங்க கேக்கறது நாயமான கேள்வி. புள்ள அப்பவும் நானில்லைன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. அப்படியே ஊட்டுக்கு வந்தா அம்மாகிட்டப் பேசும், ஒறம்பரை, சொந்தபந்தத்துகிட்ட எல்லாம் பேசும். பொறவு எந்த மூஞ்சியை வெச்சுட்டு நான் அந்த ஊட்டுல உக்காந்து சோறு திங்கறது? அதனால வார்டன் அம்மாகிட்ட நானே சொன்னேன், ஒத்துக்கற வரைக்கும் வுட வேண்டாமுன்னு. அது எந்தத் தப்பும் பண்ணலைன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். எழுதிக்குங்க மேடம், அப்படியே எழுதிக்குங்க. திரும்பி வந்த பணம் ஹோம் ஃபீஸுக்கே சரியாப் போச்சு, அது வேற விசயம்.

ஜூன்ல ஒத்துக்கிச்சுன்னு வார்டன் அம்மா போன் பண்ணாங்க, கூட்டிட்டு வந்தேன். எளைச்சுப் போயிருந்துச்சு. தட்டுல சோறு போட்டா, சாப்புடட்டுங்களான்னு கேட்டுட்டுத்தான் கையே வெச்சுச்சு. மூணாம் நாள் வந்து என்ற முன்னால நின்னுச்சு. "நாந்தானுங்கப்பா பணத்தைப் போட்டேன். எப்படிப் போட்டேன்னுதான் நெனப்பு வர மாட்டேங்குது. என்னை மன்னிச்சுக்குங்க"ன்னுச்சு. நடிக்கலீங்க மேடம். கண்ணைப் பாத்தேன், நெசமாவே நம்புது.

வெங்கடலட்சுமி இன்னும் அதுகூட மொகம் குடுத்துப் பேசறதில்லை. பொம்பளைங்களுக்கு அப்படி ஒரு வீம்பு. நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளில்லை. தலையைத் தடவிக் குடுத்து, "போச்சாது போ கண்ணு, நான் மன்னிச்சுட்டேன்"னு சொல்லிப்போட்டேனுங்க.