செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்

எண்ணூரிலிருந்து வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"அந்த வக்கீலு செருப்ப வாசல்ல கழட்டிட்டு வந்தாரு யக்கா. நம்ம பட்டறையோட திவால் கேஸு இவருகிட்டதான்னு அப்பவே முடிவு பண்ட்டேன்" என்றாள் இளையவள்.

"லேத்து பட்டறைக்கு எவனாச்சும் செருப்ப கழட்டுவானா?"

"மிஷினுக்கு சாமி மாரி பொட்டு வெச்சிகீறத பாத்துட்டாரு. மொதல்ல வந்த ரெண்டு வக்கீலும் உள்ளயே வரல. ஒருத்தர் கார்ல குந்திகினே, இடம் சொந்தமா வாடகையான்னாரு. இன்னொருத்தர், மிஷினெல்லாம் இன்னா வெலைக்குப் போவும்னாரு."

"இவரு?"

"'கீழ இரும்பு பிசிறு கீது, செருப்ப போட்டுக்க சார்'னு நான் கத்துனதுல ஆளுங்க எல்லாம் சிரிச்சிட்டாங்கோ. அவுங்க சிரிச்சி எத்தினி மாசமாச்சு! செருப்ப மாட்டிகினு, 'ஓடுற மிஷின ஓட்டிக் காட்டுங்க'ன்னாரு. ஓட்டுனோம். நின்னு பாத்துட்டு, 'மூட வேணாம்மா, காப்பாத்திப் பாக்கலாம்'னாரு."

பேசி முடித்த கையோடு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

"காலடிப்பேட்டை வந்துடுச்சு, எறங்கலயா?" என்றார் கண்டக்டர்.

பெரியவள் உதட்டில் விரலை வைத்தாள். "கடைசி ஸ்டாப்புக்கே டிக்கெட் குடு நைனா. மாசக்கணக்கா தூங்காதவ. தூங்கிகினே வரட்டும்."